மாட்டுக்குப் பல் பார்ப்போம், மோட்டாருக்கு?

காவேரிக் கரை ஜனங்கள் மாடு பிடிப்பதில் மகா சமர்த்தர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் தனியே போகமாட்டார்; விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போவார். பெரியவர் முதலில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வார். பிறகு சுழி பார்ப்பார். பத்தடி நடக்கவிட்டுக் கால் ஊன்றும் விதத்தைக் கவனிப்பார். தரகர் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலை அழுத்தி விலை சொல்லும்போதுகூட அவர் முகத்தில் ஓர் உணர்ச்சியும் தென்படாது.

நிலம் வாங்குவதென்றால் பரிசோதனை இன்னும் கடுமை. மூலப் பத்திரம் எங்கே, பட்டா யார் பேரில் இருக்கிறது, 30 வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்றா என்று கேட்காத வீடு நம் பக்கத்தில் கிடையாது. கல்யாணம் என்றாலோ ஜாதகம், குலம், கோத்திரம், பையனின் சம்பளம், சித்தப்பாவின் நடத்தை வரையில் விசாரித்துவிடுவோம்.

இத்தனை ஜாக்கிரதையுள்ள நாம் 15 லட்சம் ரூபாயை எடுத்துக்கொண்டு பழைய சொகுசு மோட்டார் வண்டி வாங்கப் புறப்படும்போது என்ன பார்க்கிறோம்? வண்டியின் மூக்கில் இருக்கும் முத்திரையைப் பார்க்கிறோம். மெழுகு போட்டுத் துடைத்த பளபளப்பைப் பார்க்கிறோம். கூரையில் ஜன்னல் திறக்கிறதா என்று பார்க்கிறோம். உடனே முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, எலுமிச்சம்பழம் வாங்க ஆள் அனுப்புகிறோம்!

எஸ்.யு.வி. என்று சொல்லப்படுகிற உயரமான பெரிய வண்டியின் மேல் இப்போது நம் ஊர்க் குடும்பங்களுக்கு ஏற்பட்டிருக்கும் மோகத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மயிலாடுதுறை 2020-ஆம் வருஷம் டிசம்பரில் தனி ஜில்லா ஆயிற்று. அது முதல் பட்டமங்கலத் தெருவில் ஆள் நடக்க இடம் இருக்கிறதோ இல்லையோ, இரண்டு பெரிய வண்டிகள் எதிரும் புதிருமாக நின்று முறைத்துக்கொண்டிருப்பதை எந்த நேரத்திலும் காணலாம். அவற்றில் புதிதாக வாங்கப்பட்டவை கொஞ்சம். பிறர் கையில் ஐந்தாறு வருஷம் ஓடி வந்தவை அதிகம். பழைய வண்டி வாங்குவது தப்பில்லை. யோசித்து வாங்கினால் புத்திசாலித்தனமான காரியம்கூட. ஆனால் அதற்கு முன்னால் வண்டியின் பூர்வோத்தரத்தை விசாரிக்கிற கலை ஒன்று இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் விஸ்தாரமாகப் பார்க்கலாம்.

விலை ஒன்று, தீனி ஒன்று

முதலில் ஒரு கணக்கு. புதிதாக இருந்தபோது 70 லட்சம் ரூபாய் பெற்ற ஜெர்மானிய வண்டி ஒன்று பத்து வருஷத்துக்குப் பிறகு 15 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "புதுச் சின்னக் கார் வாங்குகிற பணத்தில் ராஜா ஏறுகிற வண்டி!" என்று மனம் துள்ளும். வாஸ்தவந்தான். வண்டியின் விலை 15 லட்சமாகக் குறைந்துவிட்டது. ஆனால் அதன் உதிரி பாகங்களின் விலை குறையவில்லை. அவை இன்னமும் 70 லட்ச ரூபாய் வண்டியின் பாகங்களாகவே இருக்கின்றன. ஒரு முன் விளக்கு, ஒரு காற்றுத் துருத்தி, ஒரு கியர்ப் பெட்டி ஆகியவற்றின் விலையைக் கேட்டால் உழவு இயந்திரத்தின் விலை ஞாபகத்துக்கு வரும். யானை சும்மா கிடைத்தாலும், கட்டித் தீனி போட வேண்டியவன் வாங்கினவன் அல்லவா?

இந்த ஜாதி வண்டிகள் பலவற்றில் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்குகின்றன. ரப்பர் பை பத்து வருஷத்தில் வெடிப்பு விடும். கசிவை ஈடு செய்ய ஓயாமல் ஓடுகிற சின்ன 'கம்ப்ரஸர்' பிற்பாடு எரிந்து போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் எடுப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். நாலு மூலையும் ஒரே உயரத்தில் இருந்தால் சரி. ஒரு மூலை மட்டும் சீக்குக் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தால் விலை பேசும் அவசியமே இல்லை.

டீசல் வண்டிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. புகைக் கரியைப் பிடித்து வைத்து எரிப்பதற்கு அதன் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தது முதல் அநேகமாக எல்லா டீசல் கார்களிலும் இது உண்டு. சொகுசு வண்டிகளில் அதற்கு முன்பிருந்தே உண்டு. வண்டி நெடுஞ்சாலையில் சூடேறி ஓடினால்தான் கரி எரியும். வீட்டிலிருந்து ஜங்ஷனுக்கும், ஜங்ஷனிலிருந்து மணிக்கூண்டுக்கும் போய் வருகிற வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆகையால் வாங்குகிறவர் முதலில் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: "மாதத்தில் எத்தனை நாள் நெடும் பிரயாணம் போகப் போகிறோம்?" பெட்ரோல் வண்டியானால் வேறு கேள்வி. இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எதனால் கலந்த பெட்ரோல். 2023-ஆம் வருஷத்துக்கு முந்தின வண்டிகளில் பல இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எந்த அளவு கலப்பு தாங்கும் என்பது வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் இருக்கும், பார்த்துக்கொள்வது நல்லது.

சொகுசு வண்டியின் கம்பெனி ஒர்க்ஷாப்பு நம் ஊரில் கிடையாது. பெரிய பட்டணத்துக்குத்தான் போகவேண்டும். சென்னை என்றால் சுமார் 250 கிலோமீட்டர். நடுவில் நின்று போனால் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறிப் போகவேண்டும். அந்தச் சவாரிக்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் ஜாதகம்

ஒவ்வொரு வண்டிக்கும் சேஸிஸ் நம்பர் என்று 17 எழுத்துக்களும் எண்களும் சேர்ந்த அடையாளம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துக்களும் அதில் வருவதே இல்லை. ஒன்றையும் பூஜ்யத்தையும் போல் அவை தோற்றமளித்துக் குழப்பம் உண்டாக்கும் என்பதால் விலக்கிவிட்டார்கள். இந்த எண் வண்டியின் உடலில் இரும்பில் பொறிக்கப்பட்டிருக்கும், கதவோரச் சீட்டிலும் இருக்கும், ஆர்.சி.யிலும் இருக்கும். எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கவேண்டும். பொறித்த இடத்தைச் சுற்றி அரம் போட்ட தழும்போ புதுப் பூச்சோ இருந்தால் மேற்கொண்டு பேசாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கணக்கு. மத்திய சர்க்காரின் 'பரிவாஹன்' தளத்தில் வண்டி நம்பரைக் கொடுத்தால், அது என்று பதிவாயிற்று, இன்ஷூரன்ஸ் எது வரையில், புகைச் சான்று இருக்கிறதா, கடன் பிடிப்பு உண்டா என்ற விவரங்களைக் காணலாம். தீராத அபராதங்களையும் அங்கேயே பார்க்கலாம். "ஒரே கை வண்டி சார்!" என்று தரகர் சத்தியம் செய்வார், ஆர்.சி.யில் மூன்றாவது சொந்தக்காரர் என்று அச்சிட்டிருக்கும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்து வைக்கலாம் என்பது பெரியோர் வாக்கு. தரகர்கள் அந்த வாக்கை மோட்டாருக்கும் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கடன் பிடிப்பு இருந்தால் மிகவும் ஜாக்கிரதை வேண்டும். "கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது" என்ற வாய்ச் சொல் போதாது. கடன் கொடுத்த ஸ்தாபனம் 35-ஆம் நம்பர் பாரத்தில் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யிலிருந்து அதன் பெயர் நீங்கிய பிற்பாடுதான் வண்டி முழுவதும் விற்பவருக்குச் சொந்தம். கடன் பாக்கி உள்ள வண்டியை வாங்கினால், ஒரு நாள் காலையில் வாசலுக்கு வந்து பார்க்கும்போது வண்டி இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும்.

இன்ஷூரன்ஸ் பத்திரத்திலும் ஒரு ரகசியம் இருக்கிறது. கோரிக்கை எதுவும் இல்லாமல் வருஷம் கழிந்தால் சொந்தக்காரருக்கு ஒரு தள்ளுபடி உண்டு. முதல் வருஷம் 20 சதவிகிதம். படிப்படியாக ஏறி 50 சதவிகிதம் வரையில் போகும். ஐந்து வருஷமாக ஒரே சொந்தக்காரர் கையில் இருக்கும் வண்டியின் கடைசிப் பத்திரத்தில் தள்ளுபடி பூஜ்யம் என்றிருந்தால், போன வருஷம் ஏதோ நடந்திருக்கிறது என்று அனுமானிக்கலாம். என்ன நடந்தது என்று வாய் திறந்து கேளுங்கள். சிறு கீறலாகவும் இருக்கலாம். பாலத்திலிருந்து உருண்டதாகவும் இருக்கலாம்.

வெள்ளத்தில் முழுகி எழுந்தவை

ஐப்பசியில் காவேரியில் முழுகி எழுந்தால் நமக்குப் பாவம் போகும் என்பது ஐதீகம். மோட்டார் வண்டி முழுகி எழுந்தால் அதன் பாவம் முழுவதும் வாங்குகிறவன் தலையில் வந்து சேரும்.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே கதி நேர்ந்தது. அடித்தளத்தில் நிறுத்தியிருந்த விலையுயர்ந்த வண்டிகள் கூரை வரையில் நீரில் கிடந்தன. சென்னையை மட்டும் சொல்வானேன்? 2022 நவம்பரில் நம் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டி மீட்டர் மழை கொட்டிற்று.

இப்படி முழுகிய வண்டியைச் சீர்திருத்தும் செலவு அதன் காப்பு மதிப்பில் 75 சதவிகிதத்துக்கு மேற்போனால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை முழு நஷ்டமாகக் கணக்கு வைத்துப் பணத்தைக் கொடுத்துவிடும். சிதைந்த வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுக்கிறவர்களில் பாகம் பாகமாகப் பிரித்து விற்கிறவர்களும் உண்டு. சேற்றைக் கழுவி, புது விரிப்புப் போட்டு, வாசனைத் திரவியம் தெளித்து, வெள்ளம் எட்டாத தூரத்து ஊரில் கொண்டுவந்து விற்கிறவர்களும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பணிக்கொடையாக வந்த பணத்தில் பெரும் பகுதியைக் கொடுத்து, சென்னையிலிருந்து வந்த வெள்ளை எஸ்.யு.வி. ஒன்றை முடிவு செய்திருந்தார். 50,000 ரூபாய் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. குடும்பத்தோடு கடைசியாக ஒரு முறை பார்க்கப் போனார்கள். எல்லோரும் முன்னால் இருந்த பெரிய திரையைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள். பின்னால் குழந்தையோடு உட்கார்ந்த மருமகள், குழந்தைக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கைப் பட்டியை முழு நீளத்துக்கும் இழுத்தாள். சுருளுக்குள்ளிருந்து வந்த கடைசி முழத்தில் பழுப்பு நிறமாக ஒரு கோடு.

"மாமா, இது என்ன கறை? சேறு மாதிரி இருக்கே?" என்றாள்.

விற்கிறவர் "தேத்தண்ணி சிந்தியிருக்கும்" என்றார். மற்றப் பட்டிகளையும் இழுத்துப் பார்த்தார்கள். நாலிலும் அதே உயரத்தில் அதே கோடு. நாலு இருக்கையிலும் ஒரே சமயத்தில் ஒரே அளவாகத் தேத்தண்ணி சிந்தியிருக்க முடியாது அல்லவா? முன்பணம் திரும்பி வரவில்லை. பெரியவருக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. "ஐம்பதினாயிரத்தோடு போயிற்றே என்று சந்தோஷப்படுங்கள்" என்று அவருடைய சம்சாரம்தான் தைரியம் சொன்னாள். அந்த அம்மாள் சொன்னது முற்றும் சரி.

ஆகையால் நேயர்களே, இருக்கைப் பட்டியை முழுதும் இழுத்துப் பாருங்கள். விரிப்பைத் தூக்கி, இருக்கையின் தண்டவாளத்தையும் திருகாணிகளையும் துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுச் சக்கரம் இருக்கும் பள்ளத்தில் விரலை விட்டு வண்டல் அகப்படுகிறதா என்று பாருங்கள். முன் விளக்குக்குள் ஆவி படிந்திருக்கிறதா, கண்ணாடிகளை ஏற்றி அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் ஈர நாற்றம் அடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வண்டிக்குள் வாசனை மிதமிஞ்சி வீசினால் சந்தேகமும் மிதமிஞ்சியே இருக்கட்டும். முழுகிய வண்டி உடனே தொல்லை கொடுக்காது. கம்பிகளின் இணைப்பில் பச்சை பூத்து, ஆறு மாதத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் பிறகு ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும். பிரேக்குக்கும் காற்றுப் பைக்கும் கட்டளை இடும் மின்சாரப் பெட்டியே அப்படி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இளமை திரும்பும் வித்தை

ஓடின தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னுக்குத் திருப்புவது பழைய வித்தை. முன்பு திருப்புளியால் செய்தார்கள். இப்போது கையடக்கக் கருவியால் செய்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். எட்டு வருஷத்து வண்டி 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று சொன்னால் நம்புவதற்கு முன் மற்ற சாட்சிகளை விசாரியுங்கள். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து மழமழவென்று இருக்கிறதா? ஓட்டுகிறவர் இருக்கையின் வெளி விளிம்பு நைந்திருக்கிறதா? டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். 38,000 கிலோமீட்டரில் மூன்றாவது ஜோடி டயர் ஏன் என்று கேட்கலாம் அல்லவா?

எல்லாவற்றிலும் பலமான சாட்சி கம்பெனி ஒர்க்ஷாப்புக் கணக்கு. ஒவ்வொரு தடவை வண்டி உள்ளே போகும்போதும் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிக்கொள்கிறார்கள். விற்கிறவரையே உடன் அழைத்துக்கொண்டு போய், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அந்த வரலாற்றைக் கேளுங்கள். யோக்கியமாக விற்கிறவர் மறுக்கமாட்டார். வரலாற்றில் இரண்டு மூன்று வருஷம் இடைவெளி இருந்தால், அப்போது வண்டி எங்கே இருந்தது, எண்ணெய் மாற்றியது யார் என்று தெரிந்தாக வேண்டும். சொகுசு வண்டிகளில் மீட்டரைத் தவிர வேறு மின்சாரப் பெட்டிகளிலும் ஓடின தூரம் பதிவாவது உண்டு. தேர்ந்த மெக்கானிக் தம் கருவியை மாட்டினால் ஒன்று சொல்வதும் இன்னொன்று சொல்வதும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடுவார்.

எல்லை தாண்டி வந்தவை

நம் தெருக்களில் டி.என்.-82 என்ற சொந்தப் பலகைக்கு அடுத்தபடி அதிகம் தென்படுவது பி.ஒய்.-02 என்ற காரைக்கால் பலகை. காரைக்கால் புதுச்சேரி யூனியனைச் சேர்ந்தது. அங்கே வண்டி வரி நம்மைவிடக் குறைவு. இதை உத்தேசித்துக் குடியிருக்காத விலாசத்தைக் காட்டிப் புதுச்சேரியில் சொகுசு வண்டிகளைப் பதிவு செய்துகொண்ட விவகாரம் 2017-இல் கேரளத்தில் பெரிய அமளியைக் கிளப்பிற்று. வேறு ராஜ்யத்தில் பதிவான வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே பதிவு செய்துகொண்டாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு 28-ஆம் நம்பர் பாரத்தில் ஆட்சேபணையில்லாச் சான்று வேண்டும்; ஆயுள் வரியும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு 2023 நவம்பர் முதல் 20 சதவிகிதம் வரி. வெளியிலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயதைப் பார்த்து விகிதம் குறையும். ஆனால் கணக்கிடுவது வண்டி புதிதாக இருந்த காலத்து விலையின் மேல். நீங்கள் கொடுத்த 15 லட்சத்தின் மேல் அல்ல. இதை முன்கூட்டி விசாரிக்காமல், வாங்கின பிறகு அலுவலகத்தில் தொகையைக் கேட்டு மூர்ச்சையானவர்கள் உண்டு.

டில்லியிலிருந்து வரும் வண்டிகள் மலிவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளை அந்தப் பிரதேசத்தில் ஓட்டக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்திற்று. 2025-இல் அந்தக் கண்டிப்பு ஒருவாறு தளர்ந்தாலும், அதற்குள் ஏராளமான வண்டிகள் தெற்கே வந்து சேர்ந்துவிட்டன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் வரி, சான்று, கொண்டுவரும் செலவு எல்லாம் சேர்த்துக் கூட்டினால் மலிவில் பாதி கரைந்துவிடும்.

இன்னொரு சம்பவம் எல்லோருக்கும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் சுங்க இலாகாவினர் கேரளத்தில் 'நும்கோர்' என்ற பெயரால் ஒரு சோதனை நடத்தினார்கள். பூடான் தேச பாஷையில் அந்தச் சொல்லுக்கு வண்டி என்று பொருளாம். பூடானிலிருந்து வரி கட்டாமல் உள்ளே கொண்டுவந்த பழைய பெரிய வண்டிகளைத் தேடிப் பிடித்தார்கள். 30-க்கு மேற்பட்டவை கைப்பற்றப்பட்டன. ராணுவத்திலிருந்தும் வெளிநாட்டுத் தூதரகத்திலிருந்தும் விற்கப்பட்டவை போல் போலிக் காகிதம் தயாரித்து, வட தேசத்து மலை ராஜ்யங்களில் பதிவு செய்து விற்றதாகவும், கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட ஒரு கூட்டம் இதில் சம்பந்தப்பட்டதாகவும் அமலாக்க இலாகா சொல்லிற்று. மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய நம் தேசத்து விதிகள் இடங்கொடுப்பதில்லை. ஆகவே, பத்து வருஷத்து அந்நிய வண்டி ஒன்று, அருமையான நிலையில், ஆச்சரியமான விலையில், இமயமலை அடிவாரத்துப் பதிவோடு வந்தால், அது முதலில் இந்தியாவில் நுழைந்தது எப்படி என்று கேளுங்கள். அறியாமல் வாங்கினவருக்கும் வண்டி போனது போனதுதான்.

உயிரோடு விளையாடாத கேள்வி

பணம் போனால் சம்பாதிக்கலாம். இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றியது.

டக்காட்டா என்ற ஜப்பானியக் கம்பெனி உலகத்தின் பெரிய பெரிய மோட்டார்க் கம்பெனிகளுக்கெல்லாம் காற்றுப் பை செய்து கொடுத்து வந்தது. பையை ஊதுவதற்கு அது உபயோகித்த அமோனியம் நைட்ரேட் மருந்து உஷ்ணத்திலும் ஈரக் காற்றிலும் பல வருஷம் இருந்தால் கெட்டுப் போயிற்று. விபத்தின்போது பை விரிவதற்குப் பதிலாக உலோகக் கூடே வெடித்துத் துண்டுகள் ஓட்டுகிறவர் மேல் பாய்ந்தன. உலக சரித்திரத்திலேயே மிகப் பெரிய திரும்ப அழைப்பு அதனால் நேர்ந்தது. 2017 ஜூனில் கம்பெனியே திவாலாயிற்று. உஷ்ணமும் ஈரக் காற்றும் என்று சொன்னால் நம் தரங்கம்பாடிக் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பழைய வண்டி வாங்குகிறவர், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, "இந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதாவது நிலுவையில் உண்டா?" என்று கம்பெனியைக் கேட்க வேண்டியது அவசியம். அழைப்பின் பேரில் மாற்றுவதற்குக் காசு கிடையாது. பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை 2019-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் சர்க்காருக்கும் கொடுத்திருக்கிறது.

இன்னொரு சின்னப் பரீட்சை உண்டு. சாவியைப் போட்டதும் காற்றுப் பை விளக்கு ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடப் பெரிய கோளாறு. பழைய விபத்தில் விரிந்த பைக்குப் பதிலாக உள்ளே வெறும் துணியைத் திணித்து, விளக்கையும் துண்டித்திருக்கலாம். பின்னால் பேரனை உட்கார வைத்து ஓட்டப்போகிற வண்டி என்பது ஞாபகம் இருக்கட்டும்.

கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை

வண்டி பார்க்கப் பகலில் போங்கள், மழையில் வேண்டாம். நனைந்த உடலில் எல்லாக் கீறலும் மறைந்துவிடும். போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக யாரோ முன்னாலேயே கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதையும், ஓயாத வெண்புகை குளிர்நீர் உள்ளே கசிவதையும் காட்டும். எண்ணெய் மூடியின் அடியில் மோர் மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் நாலு டயரும் ஒரே ஜாதியாக, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டிக்கு ஓயாத வேதனை.

நம் பிரதேசத்துக்கே உரிய இரண்டு விஷயங்களும் உண்டு. கடலோரம் கிடந்த வண்டியில் உப்புக் காற்று அடிப்பாகத்தைத் தின்றிருக்கும். ஒர்க்ஷாப்பில் தூக்கி நிறுத்தி அடியில் விளக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று வயல் எலி. அறுவடை முடிந்ததும் வேலையிழந்த எலிகள் கதகதப்பான எஞ்சினுக்கு அடியில் குடியேறிக் கம்பிகளைக் கடித்துப் பசியாறும். ஓட்டுப் போட்ட கம்பிகள், நெல் உமி, எலிப் புழுக்கை ஆகியவை மூடிக்குள் தென்பட்டால் மின்சாரப் பாகத்தைத் தனியே பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ரக வண்டியையே பழுது பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவருக்குச் சில ஆயிரம் ரூபாய் கூலி கொடுத்து முழுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மாட்டுச் சந்தைக்கு உடன் போன பெரியவருடைய ஸ்தானம் இப்போது அவருடையது. விற்கிறவர் சிபாரிசு செய்கிற மெக்கானிக் மாத்திரம் வேண்டாம்.

வாங்கின பிறகு

வண்டி கைமாறிய தேதியையும் மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 29, 30 நம்பர் பாரங்களை உடனே தாக்கல் செய்யுங்கள். விற்றவர் 14 நாளிலும் வாங்கினவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டுக்கொள்ளுங்கள். வியாபாரி மூலம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் அவருக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். கேட்டுப் பார்க்க வெட்கப்படாதீர்கள். பெயர் மாற்றாமல் கைமாறிக்கொண்டே போன ஒரு வண்டியால் விபத்து நேர்ந்த வழக்கில், அலுவலகக் கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஈடு கொடுக்கப் பொறுப்பாளி என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே விற்கிறவர்களுக்கும் இதில் அக்கறை வேண்டும்.

கடைசியாக ஒரு யோசனை. வண்டியின் விலையைத் தவிர இன்னும் மூன்று லட்சம் ரூபாயை வேறு கணக்கில் போட்டு, முதல் வருஷத்து வைத்தியச் செலவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அப்படி ஒதுக்க முடியாவிட்டால், கையில் இருப்பதற்கு ஒரு நல்ல சின்னப் புது வண்டி வாங்குவது குடும்பத்துக்கு க்ஷேமம். ஒதுக்கவும் முடிந்து, மேலே சொன்ன பரீட்சைகள் அத்தனையிலும் வண்டி தேறியும் விட்டால், தாராளமாக வாங்குங்கள், எலுமிச்சம்பழத்தையும் நசுக்குங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: மணிக்கூண்டுப் பக்கம் வரும்போது கொஞ்சம் ஓரமாக நிறுத்துங்கள். எங்களைப் போன்ற பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் சைக்கிளில் போக வேண்டியிருக்கிறது!